விலங்கு கதி உயிர்களும் இல்லறத்தாரின் விழிப்பும்

(ஆஸ்திரேலியக் காட்டுநிலம் ஒன்றை முன்வைத்து ஒரு ஜீவதயைப் பாடம்)

பாடத்தின் நோக்கம்

ஜினதருமத்தின் உயிர்நிலை அஹிம்சை என்பதை நம் இல்லங்களில் பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே கேட்டு வளர்கின்றனர். புலால் மறுத்தல், இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவை நம் குடும்பங்களில் பழக்கமாகவே படிந்துவிட்டன. பழக்கமாகப் படிந்த அறம் பழகிய சூழலில் தானே நடைபெறும். சூழல் மாறும்போதோ அதன் பொருளை அறிந்தவரே அதனைத் தொடர்ந்து காக்க வல்லவராவர். ஆதலின் பழக்கத்தோடு பொருளையும் கற்பிப்பது பெற்றோர் கடனாகும்.

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் காலம் இது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், நம் உறவினர் குடும்பம் ஒன்று காடும் புதரும் சூழ்ந்த நாட்டுப்புற நிலத்தில் வாழ்ந்து வருகிறது. இத்தகைய நிலத்தை அந்நாட்டார் 'புஷ்' என்று வழங்குவர். அங்கு நாம் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அந்நிலத்தில் நிலையாக உறையும் விலங்குகளையும் வந்து செல்லும் விலங்குகளையும் காணும் வாய்ப்புக் கிடைத்தது. கண்டவற்றையும் நூல்களில் கற்றவற்றையும் சேர்த்து, ஆகமம் கூறும் உயிர்வகை நெறியோடு பொருத்தி இப்பாடத்தை அமைத்துள்ளோம். ஒரு நிலத்திற்கு உரியவராகும் சிராவகர் அங்கு வாழும் உயிர்களுக்கு எவ்வகையில் கடமைப்பட்டவர் என்பதே இதன் மையக் கருத்தாகும்.

விலங்கு கதி

உயிர்கள் சுழலும் கதிகள் நான்கு. நரக கதி, விலங்கு கதி, மக்கட் கதி, தேவ கதி என்பன அவை. விலங்கு கதியில் ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை அனைத்தும் அடங்கும். ஐயறிவுயிர்களுள்ளும் மனமுடையவை, மனமற்றவை என இரு பிரிவுகள் உண்டு. பாலூட்டி வளர்க்கும் விலங்குகள் மனமுடைய ஐயறிவுயிர்கள். அவை அஞ்சும், நினைவில் கொள்ளும், குட்டியைத் தேடும், வழியை அறிந்து மீளும்.

மனமுடைய விலங்கு அறவுரை கேட்டு உயரவும் வல்லது. மகாவீரராகத் தோன்றிய உயிர், முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்து, சாரண முனிவர் இருவரின் அறவுரையால் தெளிவு பெற்று விரதம் ஏற்ற வரலாறு நமக்குப் புதிதன்று. சமவசரணத்தின் பன்னிரண்டு சபைகளுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. தீர்த்தங்கரர் திருமேனிகளின் பீடத்தில் காளை, யானை, குதிரை, குரங்கு, எருமை, பன்றி, மான், சிங்கம் ஆகியவை இலாஞ்சனங்களாக விளங்குகின்றன. ஆதலின் விலங்கைப் பற்றிக் கற்பது சிராவகர்க்குப் பொழுதுபோக்காகாது. அது ஜீவ தத்துவத்தைக் கற்பதன் ஒரு பகுதியே.

நிலத்தின் இயல்பு

அந்நிலத்தில் மிகுதியாக நிற்பவை யூகலிப்டஸ் மரங்கள். நாம் தைலமரம் என்று அழைப்பது இம்மரத்தின் இனமே. நம் நாட்டில் அது கொண்டுவந்து நடப்பட்ட மரம். அங்கு அதுவே காட்டின் தாய்மரம். நூற்றுக்கணக்கான வகைகள் அதில் உண்டு. அதன் இலை எண்ணெய்ப் பசையும் நஞ்சும் கலந்தது. எனினும் அதனையே உண்டு வாழப் பழகிய விலங்குகள் அங்கு உள்ளன. மரங்களிடையே புல்வெளித் திட்டுகள், பெரணி மண்டிய ஓடைக்கரை, விழுந்து மட்கும் பெருமரங்கள் ஆகியவை காணப்படும். பகலில் பார்ப்பவர்க்கு அந்நிலம் ஆளற்றதாகத் தோன்றும். அங்குள்ள பாலூட்டிகளுள் பெரும்பாலானவை இரவில் நடமாடுவனவாதலின், கதிரவன் மறைந்த பின்னரே அதன் குடிகள் வெளிப்படுவர்.

மூவகைப் பாலூட்டிகள்

தத்துவார்த்த சூத்திரம் உயிர்களின் பிறப்பைச் சம்மூர்ச்சனம், கருப்பம், உபபாதம் என மூன்றாக வகுக்கிறது. அவற்றுள் கருப்பப் பிறப்பை மேலும் மூன்றாக்கி, சவ்வுறையோடு பிறப்பவை ஜராயுஜம், முட்டையில் தோன்றுபவை அண்டஜம், உறையின்றிப் பிறந்தவுடனே இயங்க வல்லவை போதஜம் என்று கூறுகிறது. அண்டஜம் என்றவுடன் பறவை, பாம்பு, பல்லி என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். முட்டையிட்டுப் பாலூட்டும் உயிரும் உலகில் உண்டு என்பதை ஆஸ்திரேலியா நமக்குக் காட்டுகிறது.

முதல் வகை, முட்டையிடும் பாலூட்டிகள். உலகில் இன்று இவ்வகையில் 5 இனங்களே வாழ்கின்றன. பிளாட்டிபஸ் ஒன்று, எக்கிட்னா நான்கு. நாம் தங்கிய நிலத்தில் எக்கிட்னா பகலிலும் எறும்புப் புற்றுகளைக் கிளறிக்கொண்டு திரிவதைக் கண்டோம். உடலெங்கும் முள், நீண்ட குழல் போன்ற மூக்கு, பற்கள் இல்லை, நீண்ட நாவால் எறும்பையும் கரையானையும் எடுத்துண்ணும். பெண் எக்கிட்னா ஒரே ஒரு முட்டையைத் தன் வயிற்றுப் பையில் இடும். ஏறத்தாழ 10 நாளில் குஞ்சு வெளிவரும். தாய்க்கு முலைக்காம்பு இல்லை. தோலில் கசியும் பாலைக் குஞ்சு நக்கி உண்ணும். முட்கள் முளைக்கத் தொடங்கியதும் தாய் அதனை வளையில் விட்டுச் சில நாட்களுக்கு ஒருமுறை வந்து பாலூட்டிச் செல்லும். அந்த இடைவெளியில் தாய்க்கு ஒரு தீங்கு நேர்ந்தால், வளையில் காத்திருக்கும் குஞ்சின் நிலையைப் பிறர் அறிய வழியில்லை.

ஓடையில் வாழும் பிளாட்டிபஸ் நீரில் மூழ்கும்போது கண், காது, மூக்கு ஆகியவற்றை மூடிக்கொள்ளும். இரையின் தசையசைவில் எழும் மிக மெல்லிய மின்னோட்டத்தைத் தன் அலகின் தோலால் உணர்ந்து அதனைக் கண்டுபிடிக்கும். தோலின் வழி அறிவதாதலின், இதனைப் பரிசப் பொறியின் ஒரு நுண்மையாகவே நாம் கருதுகிறோம். ஐந்து பொறிகளுள் ஒன்று இவ்வளவு கூர்மை அடையக்கூடும் என்பது பிள்ளைகளுக்கு வியப்பூட்டும் செய்தியாகும்.

இரண்டாம் வகை, பையுடைய பாலூட்டிகள். கங்காரு, வாலபி, வாம்பாட், பாஸம், கோவாலா, பாண்டிகூட் ஆகியவை இவ்வகையின. கிழக்குச் சாம்பல் நிறக் கங்காருவின் கருக்காலம் ஏறத்தாழ 36 நாட்களே. பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. கண் திறவாத, மயிர் முளையாத அவ்வுயிர், முன்கால்களால் தாயின் மயிரைப் பற்றித் தானே ஊர்ந்து பைக்குள் சென்று முலைக்காம்பைக் கவ்விக்கொள்ளும். பையை விட்டு நிலையாக வெளியேற ஏறத்தாழ 11 மாதங்கள் ஆகும். வெளியே வந்த குட்டியும் பைக்குள் உள்ள இளங்குட்டியும் ஒரே காலத்தில் பால் குடிப்பதுண்டு. அப்போது தாய் ஒவ்வொரு குட்டியின் வயதுக்கும் ஏற்ற வெவ்வேறு பாலை வெவ்வேறு காம்புகளில் சுரக்கும்.

மூன்றாம் வகை, கருப்பையில் முழுவதும் வளர்ந்து பிறப்பவை. அந்நாட்டுக்கே உரிய நிலவாழ் உயிர்களுள் இவ்வகையினர் வௌவால்களும் எலி இனங்களுமே. டிங்கோ நாய் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு வந்தது. ஆடு, மாடு, முயல், நரி, பூனை ஆகியவை ஐரோப்பியர் குடியேறிய பின் கொண்டுவரப்பட்டவை.

நிலையாக உறைவோர்

நிலத்துக் குடிகளுள் வாம்பாட்டை முதலில் கூறலாம். சிறு பன்றியின் பருமன், குட்டைக் கால்கள், வலிய நகங்கள். ஓடைக்கரைச் சரிவில் நீண்ட வளைகளைத் தோண்டி வாழும். மண் தோண்டும்போது குட்டியின் மேல் மண் விழாதவாறு அதன் பை பின்புறம் நோக்கித் திறந்திருக்கும். அதன் எச்சம் கனசதுரக் கட்டிகளாக இருக்கும். அதனைக் கல்லின் மீதும் மரத்துண்டின் மீதும் இட்டுத் தன் எல்லையைக் குறிக்கும்.

வாம்பாட்டின் வளை அதற்கு மட்டும் பயன்படுவதன்று. 2019-20ஆம் ஆண்டுகளின் கோடையில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் காடுகள் பெருந்தீயில் எரிந்தன. அத்தகைய தீக்குப் பின் வாம்பாட் வளைகளைச் சிறு வாலபிகளும் எலிகளும் பறவைகளும் பல்லிகளும் நாடி வருவதை ஆய்வாளர் தானியங்கிக் கருவிகளால் படமெடுத்துள்ளனர். வாம்பாட் மற்றவற்றை அழைத்துக் காத்தது என்று அக்காலத்தில் பரவிய கதை மிகைப்படுத்தப்பட்டது. அது தனக்கெனத் தோண்டிய வளை பிறவுயிர்க்குப் புகலிடமானது என்பதே மெய். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்று உமாசுவாமி அருளிய கருத்துக்கு இதனினும் எளிய விளக்கம் வகுப்பறையில் கிடைப்பது அரிது.

மரத்தில் உறைவோர் பலர். பூனையளவுள்ள பாஸம் இரவில் கூரை மீது ஓடும் ஓசை அந்நாட்டார்க்குப் பழகியது. சுகர் கிளைடர் என்னும் சிறு விலங்கு, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும். அதனினும் பெரிய கிரேட்டர் கிளைடர் ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை சறுக்க வல்லது. 2022ஆம் ஆண்டு இதன் தெற்கு இனத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிராக அந்நாட்டு அரசு அறிவித்தது.

இவை அனைத்துக்கும் வீடு மரப்பொந்தே. அந்நாட்டில் மரங்கொத்திப் பறவை இல்லை. கிளை முறிந்து, உள்மரம் பூஞ்சையாலும் கரையானாலும் மெல்ல உளுத்தே பொந்து உண்டாக வேண்டும். சிறு பொந்து உருவாக 100 ஆண்டுகளுக்குக் குறையாது. பெரிய விலங்கு புகத்தக்க பொந்துக்கு அதனினும் நெடுங்காலம் ஆகும். பறவை, பாலூட்டி, ஊர்வன, தவளை எனச் சுமார் 300 இன முதுகெலும்புயிர்கள் அந்நாட்டில் மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. பட்டுப்போன ஒரு மரத்தை, விறகுக்கு ஆகும் என்று ஒருவர் அரைமணி நேரத்தில் வீழ்த்திவிடலாம். அதில் குடியிருந்தவற்றுக்கு வேறு வீடு அமைய நூறாண்டு வேண்டும்.

தரையில் விழுந்து மட்கும் மரங்களில் ஆன்டிகைனஸ் என்னும் சுண்டெலி அளவுள்ள பையுடைய விலங்கு வாழ்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்களே நீடிக்கும் இனப்பெருக்கக் காலத்தில், ஆண் ஆன்டிகைனஸ் உணவும் உறக்கமும் மறந்து அலைந்து, உடல் சீர்குலைந்து, அப்பருவம் முடிவதற்குள் மடிந்துவிடும். ஓராண்டு நிறைவடையும் ஆண் காட்டில் காண்பதற்கில்லை. அடுத்த தலைமுறை முழுவதும் அக்காலத்தில் கருவுற்ற பெண்களின் பையிலேயே உள்ளது. அப்போது ஒரு மட்கிய மரத்தை எரிப்பது எதனை எரிப்பதாகும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

பாண்டிகூட் என்னும் பெயர் நம் நாட்டிலிருந்து சென்றது. பெருச்சாளிக்குத் தெலுங்கில் வழங்கும் பந்திகொக்கு என்னும் பெயரே ஆங்கிலத்தில் அவ்வாறு திரிந்தது. ஆஸ்திரேலியாவில் கண்ட நீள்மூக்கு விலங்குக்கும் ஐரோப்பியர் அதனையே சூட்டினர். இரண்டுக்கும் உறவு இல்லை. நம் பெருச்சாளி எலியினம், அங்குள்ளது பையுடையது. இரவில் மண்ணைத் தோண்டிப் புழுவும் நிலத்தடிக் காளானும் உண்ணும். அவ்வாறு தோண்டுவதால் மண் இளகி மழைநீர் உட்புகும். காளானின் விதைத்துகள்கள் பரவி மரவேர்களுக்குத் துணையாகும்.

வந்து செல்வோர்

புல்வெளிக்கு அந்தியில் கங்காருக் கூட்டம் வரும். புதரோரமாக வாலபி தனியே வரும். அரிதாகக் கோவாலா ஒரு மரத்தில் சில நாள் தங்கிச் செல்லும். யூகலிப்டஸ் பூக்கும் பருவத்தில் சாம்பல் தலைப் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வரும். நம் ஊர்ப் புளியமரத்திலும் ஆலமரத்திலும் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்கு இது நெருங்கிய இனம். இரவில் 50 கிலோமீட்டர் வரை பறந்து பூந்தேனை உண்டு, மகரந்தத்தைக் காட்டுக்குக் காடு கொண்டு சேர்க்கும். ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் இவ்வுயிர், ஒருமுறை குறைந்தால் மீளப் பெருகுவது கடினம்.

நால்வகை ஹிம்சை

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்துள்ளனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், வீடு கட்டுதல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிபம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. முதலாவதை முற்றாக விலக்குவது சிராவகர் கடமை. ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும்.

சங்கல்ப ஹிம்சையின் விளைவை அந்நாட்டு வரலாறே எழுதிவைத்துள்ளது. டாஸ்மேனியத் தீவில் தைலசின் என்னும் வரியுடைய விலங்கைக் கொன்றோர்க்கு 1888 முதல் 1909 வரை அரசே பரிசுப்பணம் வழங்கியது. அவ்வினத்தின் கடைசி உயிர் என அறியப்பட்டது, 1936ஆம் ஆண்டு ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் மடிந்தது. குயின்ஸ்லாந்தில் 1927ஆம் ஆண்டு வேட்டைக்கு இசைவளிக்கப்பட்ட ஒரே மாதத்தில், தோலுக்காக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கோவாலாக்கள் கொல்லப்பட்டன. கங்காருவைத் தோலுக்கும் ஊனுக்குமாகச் சுடுவது இன்றும் அங்கு உரிமம் பெற்ற தொழிலாக நடைபெறுகிறது. காலணி வாங்கும்போது அதன் தோல் எது என வினவுவது நம் பிள்ளைகள் கொள்ளத்தக்க பழக்கமாகும்.

நம் குடும்பத்தார் எவரும் துப்பாக்கி ஏந்தப் போவதில்லை. ஆதலின் நமக்கு நேரும் குற்றம் பெரும்பாலும் ஏனைய வகைகளிலேயே அமையும். அதற்கு வேர் பிரமாதம்.

பிரமாதம் என்னும் குற்றம்

பேச்சு வழக்கில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்பது பொருள். ஆகமத்தில் அதன் பொருள் சோர்வு, அசட்டை என்பதாகும். திருக்குறள் இதனை மறுத்துப் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. உமாசுவாமி ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, இச்சோர்வோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைவதையே ஹிம்சை என வரையறுக்கிறார். நான் கொல்ல நினைக்கவில்லை என்று ஒருவர் கூறுவதால் மட்டும் அவர் குற்றம் நீங்கியவர் ஆகார். நினைத்திருக்க வேண்டியதை நினையாமையே அங்குக் குற்றம்.

நிலமுடையார் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

1. வேலி. முள்கம்பி வேலியின் மேல்வரியில் வௌவாலும் சறுக்குவிலங்கும் இரவில் சிறகும் தோலும் கிழியச் சிக்கிக்கொள்ளும். மேல்வரியை முள்ளற்ற கம்பியாக மாற்றினாலே பெரும்பகுதித் தீங்கு நீங்கும். வாம்பாட் ஓர் இடத்தில் வேலியை முட்டி நுழையும் வழக்கமுடையது. அங்கு ஊசலாடும் சிறு கதவு அமைப்போரும் உள்ளனர்.

2. பழமர வலை. அகன்ற கண்ணுடைய வலை வௌவாலுக்கும் பாம்புக்கும் கண்ணியாகிறது. விக்டோரியா மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தோட்ட வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்பது விதி. விரல் நுழையாத வலையே வாங்கத்தக்கது.

3. விறகு. பட்ட மரத்தையும் விழுந்த மரத்தையும் நிலத்திலேயே விட்டுவிடுதல் நலம். விறகைத் தட்டிப் பார்த்து உயிர் இல்லை எனக் கண்ட பின்னரே அடுப்பில் இடும் வழக்கம் நம் பாட்டியரிடம் இருந்தது. அதே விழிப்பு மரத்தை எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

4. வாகனம். கங்காருவும் வாம்பாட்டும் சாலையைக் கடப்பது அந்தியிலும் விடியலிலும். முனிவர் நிலம் நோக்கி நடக்கும் ஈரியா சமிதியை இல்லறத்தார் முழுவதும் ஏற்க இயலாது. ஆயின் அந்நேரங்களில் வேகத்தைக் குறைப்பது அவர்க்கு இயலும். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பெண் விலங்கின் பையில் குட்டி உயிரோடு இருக்கக்கூடும். அதனைக் கண்டால் உரிமம் பெற்ற வனவுயிர் மீட்புக் குழுவினர்க்கு உடனே தெரிவித்தல் வேண்டும். காம்பைக் கவ்விய குட்டியை இழுத்துப் பிரிப்பது அதற்கு ஊறாகும்.

5. விளக்கு. இரவில் நடமாடும் உயிர்க்கு வெளிச்சம் இடையூறு. பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் குடும்பத்தில் முற்றத்து விளக்கு நெடுநேரம் எரியத் தேவையில்லை.

6. நீர். திறந்த தொட்டியில் சிறு விலங்குகள் விழுந்து மாளும். தொட்டியை மூடுதல் வேண்டும். கோடையில் பறவை, விலங்குகளுக்கு வைக்கும் நீர்க்கலத்தில் ஏறி வெளிவர ஒரு கல்லோ குச்சியோ இடுதல் நலம்.

7. உணவு. இங்கு நம்மவர் தவறக்கூடும். உயிர்க்கு உணவிடுதல் தானம் என எண்ணிக் கங்காருவுக்கும் பாஸத்துக்கும் ரொட்டி இடுவர். அவ்வுணவு அவற்றின் வாயிலும் குடலிலும் நோயை விளைவிக்கும். மனிதரை அண்டிப் பின்னர்த் துன்புறவும் செய்யும். காட்டுயிர்க்கு உணவிடாதிருப்பதே அங்குக் கருணை. உண்ணத்தக்க மரங்களை நட்டு வளர்ப்பது சிறந்த தானமாகும்.

8. வளர்ப்புயிர். பூனையை இரவும் பகலும் வீட்டுக்குள்ளோ அடைப்பிலோ வைத்தல் வேண்டும். அதன் இயல்பு வேட்டை. அதனை அவிழ்த்துவிட்டவர்க்கு அவ்வேட்டையில் பங்கு உண்டு.

விரோத ஹிம்சை எழுப்பும் வினா

1859ஆம் ஆண்டு இறுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் இருந்த தம் நிலத்தில் வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து சுமார் 24 முயல்களை வரவழைத்தார். அவை பல்கிப் பெருகி, ஐம்பது ஆண்டுகளுக்குள் கண்டத்தின் மேற்குப் பகுதி வரை பரவின. அவ்வாறே வேட்டை விளையாட்டுக்காக நரியும் கொண்டுவரப்பட்டது. முயல் புல்லையும் நாற்றையும் அழித்தது; நரியும் பூனையும் தரைவாழ் சிற்றுயிர்களை அழித்தன. 1788க்குப் பின் அந்நாட்டில் 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அற்றுப்போனமைக்கு இவை முதன்மைக் காரணங்களுள் அடங்கும். முயலை ஒழிக்க 1950ஆம் ஆண்டு ஒரு கொடுநோயையே மனிதர் பரப்பினர். நரிக்கு நஞ்சு வைப்பது இன்றும் நடைபெறுகிறது. முயல், நரி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் சட்டம் நிலமுடையார் மீதும் சுமத்தியுள்ளது.

இங்கு நம் குடும்பத்தார்க்கு உண்மையான தருமசங்கடம் எழுகிறது. நரியை விட்டால் பாண்டிகூட் மடியும். நரிக்கு நஞ்சிட்டால் நரி மடியும். இரண்டும் மனமுடைய ஐயறிவுயிர்கள். உள்நாட்டு உயிர், அயலுயிர் என்னும் வேற்றுமை வினைக்கணக்கில் இல்லை. நஞ்சிடுதலை அறம் என்று நாம் கூற இயலாது. கைகட்டிப் பார்த்திருத்தலையும் அறம் என்று கூற இயலாது.

இதற்கு நாம் காணும் வழி படிமுறையானது. முதலில், கொல்லாது தடுக்கும் வழிகள் அனைத்தையும் மேற்கொள்ள வேண்டும். நரியும் முயலும் புகாத வலைவேலி, கோழிக்கும் ஆட்டுக்கும் இரவுக் கொட்டில், காவல் நாய், சிற்றுயிர் ஒளிந்துகொள்ள அடர்ந்த புதர், நரியை ஈர்க்கும் கழிவை வெளியே எறியாமை ஆகியவை அவை. அடுத்து, சட்டத்தின் கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை அவ்வட்டாரத்து அலுவலரோடு கலந்து, கொல்லாத முறைகளை முன்வைத்துக் கேட்டறிய வேண்டும். மூன்றாவதாக, எந்த நிலையிலும் உயிர் மடிவதை வெற்றியாகக் கொண்டாடலாகாது. விரோத ஹிம்சை என்பது இல்லறத்தாரின் இயலாமையைக் கருதி வகுத்த பிரிவே தவிர, கொல்வதற்கு வழங்கிய உரிமம் அன்று.

இவ்வரலாற்றில் பிள்ளைகள் கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. ஒருவர் இன்பத்துக்காகக் கொண்ட சங்கல்பம், 160 ஆண்டுகள் கடந்தும் அவரை அறியாத மனிதரையும் ஹிம்சைக்கு உள்ளாக்கி வருகிறது. வினையின் நீட்சி எத்தகையது என்பதற்கு இஃது ஒரு சான்று.

வரம்புடைமை

பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம் உடைமைக்கு எல்லை வகுப்பது. நிலத்தின் ஒரு பகுதியை வெட்டாமல், மேய்க்காமல், உழாமல் விட்டுவைப்பது அவ்விரதத்தின் ஒரு வடிவம் என்பது நம் கருத்து. நியூ சவுத் வேல்ஸில் நிலமுடையார் விரும்பினால், தம் நிலத்தின் பகுதியை இயற்கைக்கென ஒதுக்கி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நிலையான ஒப்பந்தமாயின், நிலம் கைமாறினாலும் வாங்குபவரை அது கட்டுப்படுத்தும். தமக்குப் பின்னும் தொடரும் ஓர் அபயதானம் இதுவாகும்.

நம் ஊரில்

கடல் கடந்தோர்க்கு மட்டும் உரிய பாடமன்று இது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலமுடைய நம் குடும்பங்களின் வரப்பிலும் குன்றோரத்திலும் கீரியும் முயலும் மரநாயும் நரியும் வாழ்கின்றன. சுற்றுச்சுவரில்லாத கிணறு, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலி, எலிக்கு வைத்த நஞ்சு, அறுவடைக்குப் பின் வைக்கும் தீ ஆகியவை அங்கும் உயிர் குடிக்கின்றன. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரில் வாழ்வோரும் அங்கு நடப்பதைக் கேட்டறிதல் கடன். குத்தகை பேசும்போதே மின்வேலியும் நஞ்சும் கூடாது என்று ஒரு சொல் சேர்த்துப் பேசலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கருப்பப் பிறப்பின் மூன்று வகைகள் யாவை? எக்கிட்னா எவ்வகையில் அடங்கும்?

2. ஆகமத்தில் பிரமாதம் என்பதன் பொருள் யாது? பேச்சு வழக்கோடு ஒப்பிட்டு எழுதுக.

3. மரப்பொந்து உருவாக நெடுங்காலம் ஆவதன் காரணம் யாது?

4. வாம்பாட் வளையைக் கொண்டு, உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலை விளக்குக.

5. காட்டு விலங்குக்கு ரொட்டி இடுவது தானமாகுமா? காரணம் கூறுக.

6. நால்வகை ஹிம்சைக்கும் உங்கள் வீட்டிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு இல்லையெனில் மகிழ்க.

இல்லச் செயற்பாடு: பெற்றோர் துணையுடன் வீட்டையும் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றி வந்து, உயிர்கள் சிக்கவும் விழவும் எரியவும் கூடிய இடங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றையேனும் அடுத்த அட்டமிக்குள் சரிசெய்க. செய்ததை ஜினாலயப் பாடசாலையில் பிற மாணவர்க்கு எடுத்துக் கூறுக.

எல்லா உயிரும் இன்புறுக. வாழ்க ஜினதருமம்.